டப்பாவில் போட்டிருக்கும் லிட்டர்

எங்கள் வீட்டு ஹாலில், டிவி இருக்க வேண்டிய இடத்தில், மூன்றடி நீளத்துக்கு ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில், முதல் மாடி. கிழக்கே நடந்தால் கால் மணி நேரத்தில் கடல். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டுவிட்டார்கள்: "அங்க அவ்ளோ பெரிய கடல் சும்மா கிடக்கு, நீ எதுக்கு அதுல ஒரு துண்டை வெட்டி வெச்சு கரண்டு பில் கட்டிக்கினு இருக்க?" இதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. அடுத்த கேள்விக்குத்தான் பதில் உண்டு. கண்ணாடிப் பக்கம் குனிந்து, உள்ளே சுழன்றுகொண்டிருக்கும் கறுப்பு உருண்டையைப் பார்த்துவிட்டு, "இது எத்தனை லிட்டர் மோட்டார்?" என்று கேட்பார்கள்.

எல்லோரும் லிட்டரைத்தான் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆறு வருடத்தில் ஒன்பது பம்ப் வாங்கி, இப்போது மூன்றுதான் ஓடுகிறது. மீதி ஆறும் பரண்மேல் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் கிடக்கின்றன. டப்பாவில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கைத்தான் கடைசியாகப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பக்கெட் எனக்குக் கற்றுக்கொடுத்தது. அதற்கு எவ்வளவு செலவானது என்று அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரித் தொட்டியில் பம்ப் செய்வது ஒரு வேலை அல்ல, இரண்டு. கீழே ஸ்டாண்டுக்குள் இன்னொரு சின்னத் தொட்டி இருக்கும். அதை சம்ப் என்பார்கள். வாசலில் குழாய்த் தண்ணீர் நிற்கும் சம்ப் அல்ல. எங்கள் வீட்டில் இந்தக் குழப்பம் வந்து, பிளம்பர் மூடியைத் தேடி வாசலுக்குப் போய்விட்டார். மேல்தொட்டியிலிருந்து தண்ணீர் வழிந்து சம்புக்கு வரும். அங்கே வடிகட்டி, கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர் எல்லாம் இருக்கும். அங்கிருந்து திரும்ப மேலே ஏற்றுவது ரிட்டர்ன் பம்ப். இது வேலைக்காரன் மாதிரி, ஏற்றி இறக்குவதோடு சரி. மேல்தொட்டிக்கு உள்ளேயே கண்ணாடியில் காந்தத்தால் ஒட்டி, தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருப்பது பவர்ஹெட், அல்லது வேவ்மேக்கர். கடலை உண்டாக்குவது இந்த இரண்டாவதுதான்.

பவளத்துக்கு ஓட்டம் எதற்கு? அது நகராது. மீனுக்குப் பசித்தால் போய்த் தேடும், மூச்சு முட்டினால் மேலே வரும். பவளம் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பதால் சாப்பாடும் ஆக்சிஜனும் அதைத் தேடி வர வேண்டும், கழிவை யாராவது அள்ளிக்கொண்டு போக வேண்டும். எந்தப் பொருளின் மேலும் தண்ணீர் ஓடும்போது, தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய படலம் மட்டும் நகராமல் ஒட்டி நிற்கும். ஓட்டம் குறைந்தால் அந்தப் படலம் தடிக்கும். பவளம் தன் கழிவிலேயே மூழ்கி உட்கார்ந்திருக்கும். ஓட்டம் கூடினால் படலம் மெலிந்து உள்ளே வெளியே போக்குவரத்து நடக்கும். இரவில் விளக்கு அணைந்த பிறகு இது இன்னும் முக்கியம். பவளத்தின் உடம்புக்குள் இருக்கும் பாசி பகலில் ஆக்சிஜன் கொடுக்கும். இரவில் எல்லோரும் சேர்ந்து அதைக் குடிப்பார்கள். மேல்மட்டத் தண்ணீர் கலங்கிக்கொண்டே இருந்தால்தான் காற்றிலிருந்து ஆக்சிஜன் இறங்கும்.

என் தொட்டியில் கல்பவளம், அதாவது சுண்ணாம்பு எலும்புக்கூடு கட்டி வளரும் பவளம், கிடையாது. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே அட்டவணையில், 2001-ல் கல்பவளங்கள் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டார்கள். கரும்பவளம், நெருப்புப் பவளம், கடல்விசிறி எல்லாம் அதில் உண்டு. யாராவது ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து "உயிர்ப் பாறை" (உயிர்கள் ஒட்டிய பவளப்பாறைத் துண்டு) தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். என்னிடம் இருப்பவை செயற்கைப் பாறையும், மற்ற ஆர்வலர்களின் தொட்டிகளில் வளர்ந்து துண்டு போட்டுக் கொடுத்த மென்பவளங்களும்தான். தோல் மாதிரி இருக்கும் லெதர், பொத்தான் பொத்தானாக விரியும் ஸோவாந்தஸ், தட்டுத் தட்டான மஷ்ரூம். பம்ப் கட்டுரையில் சட்டம் எதற்கு என்று கேட்காதீர்கள், காரணம் இருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் எழுதுகிற லிட்டர் கணக்கு பெரும்பாலும் கிளைகிளையாக வளரும் கல்பவளத்துக்கானது. தொட்டியின் கொள்ளளவைப் போல மணிக்கு 40, 50 மடங்கு என்பார்கள். மென்பவளத்துக்கு 15, 20 மடங்கே தாராளம். இது தெரியாமல் அவர்கள் கணக்கை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். முதல் தப்பு அங்கேதான்.

என் தொட்டி 90 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 45 உயரம். விளிம்பு வரை நிரப்பாததால் 165 லிட்டர் என்று வையுங்கள். சம்பையும் சேர்த்தால் 200 லிட்டர். 165-ஐ 50-ஆல் பெருக்கினால் 8250. பஸ் ஏறிச் சென்னை கொளத்தூருக்குப் போய், மீன் கடைகள் இருக்கும் தெருக்களில் இரண்டு மணி நேரம் அலைந்து, 5000 லிட்டர் என்று போட்டிருந்த பவர்ஹெட் இரண்டை வாங்கிக்கொண்டு திரும்பினேன். வலதுபக்கம் ஒன்று, இடதுபக்கம் ஒன்று, எதிரெதிராகப் பார்க்கும்படி ஒட்டி, ஸ்விட்சைப் போட்டேன். மணல் கிளம்பி ஐந்து நிமிடத்தில் தொட்டி பால்பாயசம் ஆகிவிட்டது. மறுநாள் தெளிந்தபோது நடுவில் கண்ணாடித் தரை தெரிந்தது. மஷ்ரூம் ஒன்று பாறையை விட்டுக் கழன்று மூலைக்குப் போய்விட்டது. ஸோவாந்தஸ் வாயை மூடியது மூடியதுதான், ஒரு வாரம் திறக்கவில்லை. ஆனால் பாறைக்குப் பின்னால், அவ்வளவு ஓட்டத்திலும், ஒரு கை அகலத்துக்குச் சிவப்பாக வழவழவென்று பாசி படர்ந்திருந்தது. அது தண்ணீர் தேங்கும் இடத்தில் வருகிற பாசி. மணிக்குப் பத்தாயிரம் லிட்டர் ஓடும் தொட்டியில் தேக்கம்!

வைத்திக்குப்பத்தில் பள்ளிக்கூட நண்பன் ஒருவனின் அப்பா இருக்கிறார். நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பனோடு வீட்டுக்கு வந்தவர், தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, காபி ஆறும்வரை பேசாமல் பார்த்தார். பிறகு கேட்டார்: "என்னா தம்பி, தண்ணி எந்நேரமும் இப்படித்தான் போவுமா?"

"ஆமா மாமா, இருபத்துநாலு மணி நேரமும்."

"ஒரே பக்கமா ஓடினே இருந்தா அது ஆறு. கடல் இல்ல."

அவர் சொன்னது நீவாட்டைப் பற்றி. கடலில் தண்ணீர் இழுத்துக்கொண்டு போவதைக் குப்பத்தில் நீவாடு என்பார்கள். தெற்கேயிருந்து வடக்கே போனால் தெண்டி, வடக்கேயிருந்து தெற்கே வந்தால் வன்னி. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் ஒன்று மேலோங்கும், ஐப்பசி, கார்த்திகையில் மற்றொன்று. அதற்குள்ளும் நாளுக்கு நாள் மாறும். அதைப் பார்த்துத்தான் வலை விடுவார்கள். பம்ப் என்ற சொல்லே அந்தப் பேச்சில் வரவில்லை. ஆனால் அன்று ராத்திரியே இரண்டு பவர்ஹெட்டையும் தனித்தனி டைமரில் மாட்டினேன். ஆறு மணி நேரம் வலது, ஆறு மணி நேரம் இடது. இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்ததை மாற்றி, ஒன்றைப் பின்கண்ணாடியைப் பார்க்கவும், இன்னொன்றை மேல்மட்டத்தைப் பார்த்துச் சாய்வாகவும் திருப்பிவைத்தேன். கண்ணாடியில் மோதித் தெறிக்கிற தண்ணீர் நான்கு பக்கமும் கலைந்து வரும்; நேராகப் பீய்ச்சுகிற தண்ணீர் பவளத்தின் தசையைக் கிழிக்கும். புதுப் பம்ப் எதுவும் வாங்கவில்லை, லிட்டர் கூடவில்லை. சரியாகச் சொன்னால் பாதியாகக் குறைந்தது. பத்து நாளில் ஸோவாந்தஸ் விரிந்தது. லெதர் தன்மேல் மெழுகு மாதிரி ஒரு தோலை அவ்வப்போது உரிக்கும். அதை அலசிக் கொண்டுபோக ஓட்டம் வேண்டும். அதுவும் ஒழுங்காக நடந்தது.

சிவப்புப் பாசி மட்டும் போகவில்லை. அதற்கான காரணத்தைக் கண்டுபிடித்தது பீச் ரோட்டில். 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். எங்கள் கரையில் மணல் வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே போகிறது. சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே இருந்த புதுச்சேரிக் கடற்கரை கரைந்து, பாறாங்கல் கொட்டிய விளிம்பு மட்டும் மிஞ்சியது. என் வயதுக்காரர்களுக்கு பீச் என்றால் கறுப்புக் கல்தான். பிறகு தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம், தலைமைச் செயலகம் பக்கம், தண்ணீருக்கடியில் ஆப்பு வடிவத்தில் ஓர் இரும்புக் கட்டுமானத்தை 2018-ல் இறக்கியது. அலையின் வேகம் குறைந்து மணல் திரும்ப ஒதுங்க ஆரம்பித்தது. அந்த மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தபோதுதான் உறைத்தது. நானும் தொட்டிக்குள் ஒரு துறைமுகத்தைக் கட்டிவைத்திருக்கிறேன்.

பாறையை எல்லாம் பின்கண்ணாடியோடு ஒட்டி, சுவர் மாதிரி அடுக்கியிருந்தேன். அழகாக இருக்கிறது என்று நினைப்பு. எவ்வளவு பெரிய பம்ப் போட்டாலும் சுவருக்குப் பின்னால் தண்ணீர் போகாது. போகாத இடத்தில் குப்பை ஒதுங்கும். வீட்டுக்கு வந்து பாறைகளைக் கலைத்து, இரண்டு தீவுகளாக, நடுவிலும் பின்னாலும் வழி விட்டு அடுக்கினேன். மீன்தீனியைத் தூளாக்கித் தண்ணீரில் கரைத்து ஊற்றி, அது எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று செல்போனில் படம் பிடித்துப் பார்த்தேன். தூள் நின்ற இடங்களில்தான் பாசி இருந்தது. பம்ப் வாங்கப் போகிறவர்கள் முதலில் இதைச் செய்யுங்கள். பாதிப் பேருக்கு வாங்க வேண்டிய அவசியமே இருக்காது.

இனி வாட். இந்த ஊரில் லிட்டரைவிட வாட்தான் முக்கியம் என்று நான் சொல்வதற்குக் காரணம் மே மாதம்.

தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் பம்ப் எத்தனை வாட் மின்சாரம் இழுக்கிறதோ அத்தனையும் கடைசியில் சூடாகத் தண்ணீரிலேயேதான் சேரும். மோட்டாரின் சூடு நேராகப் போகும். தள்ளப்பட்ட தண்ணீரின் வேகமும் உராய்ந்து உராய்ந்து சூடாகத்தான் முடியும். அப்போது என்னிடம் இருந்த ரிட்டர்ன் பம்ப் 55 வாட், பவர்ஹெட் ஒவ்வொன்றும் 12 வாட். எல்லாம் ஓடும்போது கிட்டத்தட்ட 80 வாட். 200 லிட்டர் தண்ணீரில் 80 வாட்டை விட்டால், சூடு வெளியே போக வழி இல்லாத பட்சத்தில், மூன்று மணி நேரத்தில் ஒரு டிகிரி ஏறும். குளிர்நாட்டுக்காரனுக்கு இது லாபம். ஹீட்டர் வேலையைப் பம்ப் பாதி செய்துவிடும். கத்திரி வெயிலில், மாடி வீட்டில், ஹாலே 33 டிகிரியில் இருக்கும்போது இது வினை. பவளத்துக்கு 25, 26 டிகிரி சுகம். 30-ஐத் தாண்டி நிற்க ஆரம்பித்தால் உள்ளே இருக்கும் பாசியைத் துப்பிவிட்டு வெளுக்கும். என் தொட்டி ஒரு மே மாதம் 31.5 காட்டியது.

தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கப் பணமில்லை. தண்ணீர்மேல் சின்ன ஃபேன் வைத்து ஆவியாக விட்டு ஆற்றினேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகும்போது 200 லிட்டரை ஏறக்குறைய மூன்று டிகிரி குளிர்விக்கும் அளவு சூட்டை எடுத்துக்கொண்டு போகும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 80 வாட் பம்பின் சூட்டை ஆற்றுவதற்கு மட்டுமே ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் ஆவியாக வேண்டும். கடல்காற்று ஏற்கெனவே ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிற ஊர் இது, துவைத்த துணியே காய மாட்டேன் என்கிறது. அறைச் சூட்டுக்குப் போக, பம்ப் சூட்டுக்கும் சேர்த்து ஆவியாக்க ஃபேனால் முடியவில்லை. ஆவியானது நல்ல தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும்; அதனால் தினமும் ஆர்ஓ தண்ணீரை ஊற்றி ஈடுகட்ட வேண்டும். அந்தக் கோடையில் நான் வேலைக்குப் போனதைவிடக் குடம் தூக்கியதுதான் அதிகம்.

அப்போதுதான் டப்பாவைத் திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். முன்பக்கம் லிட்டர், பின்பக்கம் வாட். ஒன்றை இன்னொன்றால் வகுத்துப் பார்த்தால் பம்பின் யோக்கியதை தெரிந்துவிடும். பழைய மாடல் பவர்ஹெட் ஒரு சின்ன இம்பெல்லரை, அதாவது சுழலும் சிறகுச் சக்கரத்தை, வைத்துக் குறுகிய ஓட்டை வழியாகப் பீய்ச்சும். அழுத்தம் அதிகம், தண்ணீர் குறைவு. அகலமான ப்ரொப்பெல்லரை மெதுவாகச் சுற்றவிடும் பம்ப், அதே வாட்டில் பல மடங்குத் தண்ணீரை மெத்தென்று தள்ளும். ஜெர்மனியின் டுன்சே இந்த வகையில் பேர் வாங்கியது. இன்று சீனத்து ஜெபாவோ வரை எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். அமெரிக்காவின் எக்கோடெக் இன்னும் ஒரு படி மேலே போய் மோட்டாரைக் கண்ணாடிக்கு வெளியே வைத்துவிட்டது. உள்ளே ப்ரொப்பெல்லர் மட்டும். இரண்டுக்கும் நடுவில் காந்தம். மோட்டார்ச் சூடு தண்ணீருக்கு வராது, உள்ளே வயரும் கிடையாது. விலையைக் கேட்டதும் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது ஓடுவது டிசி (அடாப்டர் வழியாகக் குறைந்த வோல்ட்டில் ஓடும்) ரிட்டர்ன் பம்ப் ஒன்று, வேகத்தைக் குறைத்து 18 வாட்டில். டிசி வேவ்மேக்கர் இரண்டு, ஒவ்வொன்றும் 6 வாட். மொத்தம் 30. மாதத்துக்கு 57 யூனிட் இழுத்தது 22 யூனிட்டுக்குள் வந்துவிட்டது. அதைவிட, மே மாதத்தில் ஃபேன் மட்டும் போட்டு 29-க்குள் நிறுத்த முடிகிறது. பம்புக்குக் கூடுதலாகக் கொடுத்த காசு சில்லரில் மிச்சமானது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

ரிட்டர்ன் பம்பைப் பற்றி ஒரு ரகசியம். டப்பாவில் இருக்கும் லிட்டர், தண்ணீரை ஒரு அங்குலம்கூட மேலே ஏற்றாமல் அளந்தது. உங்கள் வீட்டில் அது ஸ்டாண்டுக்கு அடியிலிருந்து நான்கடி ஏற வேண்டும். வழியில் எல்போ எத்தனை, பைப் எத்தனை இன்ச் என்பதைப் பொறுத்து இன்னும் குறையும். என் பம்ப் 3000 லிட்டர். பைப்பின் வாயைப் பத்து லிட்டர் பக்கெட்டில் விட்டு, கையில் கடிகாரத்தோடு நின்றேன். நிறைய 24 வினாடி ஆனது. மணிக்கு 1500 லிட்டர், சரிபாதி. கோபப்பட ஒன்றும் இல்லை, பம்ப் ஏமாற்றவில்லை. உயரத்துக்கு எவ்வளவு குறையும் என்ற வளைகோடு டப்பாவுக்குள்ளேயே இருந்த தாளில் இருந்தது. நான்தான் பார்க்கவில்லை. அரை இன்ச் பைப்பை முக்கால் இன்ச் ஆக்கி, நான்கு எல்போவில் இரண்டைக் கழற்றிப் பைப்பை வளைத்துவிட்டதில் தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடியது. செலவு பிளம்பிங் கடையில் ஒரு நோட்டுக்குள் முடிந்தது. அதோடு, ரிட்டர்னுக்கு ரொம்ப ஓட்டம் வேண்டாம். தொட்டியின் கொள்ளளவைப் போல ஐந்தாறு மடங்கு சம்ப் வழியாகப் போனால் போதும். கடலை உண்டாக்கும் வேலையை அதன் தலையில் கட்டக் கூடாது. உயரம் ஏற்றித் தள்ளுகிற ஒவ்வொரு லிட்டருக்கும் வாட் அதிகம்.

கரண்டு போனால் என்ன ஆகும் என்பதை யாரும் டப்பாவில் போடுவதில்லை.

முதல் பாடம் ஒரு சாதாரண மதியம். அம்மா மட்டும் வீட்டில். கரண்டு போனதும் ரிட்டர்ன் பம்ப் நின்றது. நின்ற பம்ப் ஒரு திறந்த குழாய். மேலே தண்ணீருக்குள் மூழ்கியிருந்த அதன் வாய், சைஃபன் மாதிரி தண்ணீரைக் கீழே இழுக்க ஆரம்பித்தது. அந்த வாய் மேல்மட்டத்துக்கு 8 சென்டிமீட்டர் கீழே இருந்தது. இந்தத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் என்றால் நான்கு லிட்டர். ஆக 32 லிட்டர் கீழே வந்தது, சம்பில் காலியிடம் இருந்தது 20-க்கு. மீதி 12 லிட்டர் உப்புத்தண்ணீர் ஹால் வழியாகப் படிக்கட்டுக்குப் போய், கீழ்வீட்டு அக்காவின் கோலத்தை அழித்தது. நான் ஆபீசில் இருந்து ஓடிவந்தபோது அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துடைப்பத்தோடு நின்றார். ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை. இப்போது வாயை 2 சென்டிமீட்டரில் வைத்திருக்கிறேன், பைப்பில் அதைவிட மேலே ஒரு சின்ன ஓட்டையும் உண்டு. அதில் பாசி அடைத்துக்கொள்ளும் என்பதால் மாதம் ஒருமுறை குச்சி விட்டுக் குத்த வேண்டும். புதிதாகப் பம்ப் மாட்டினால், முதலில் ஸ்விட்சை அணைத்துவிட்டுச் சம்பைப் பாருங்கள்.

இரண்டாவது பாடம் ஃபெஞ்சல். 2024 நவம்பர் 30, சனிக்கிழமை. புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, கடந்த பிறகும் நகர மாட்டேன் என்று அங்கேயே நின்றது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. 2011-ல் தானே புயல் காற்றால் ஊரைப் புரட்டிப் போட்டது, இது தண்ணீரால். எங்கள் தெருவில் சாயங்காலம் போன கரண்டு திங்கட்கிழமை காலைதான் வந்தது.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. பழசு, ஸ்கொயர் வேவ்; வீட்டுக் கரண்டு மாதிரி சீராக இல்லாமல் வெட்டு வெட்டாகக் கொடுக்கும் வகை. அதில் ஏசி பவர்ஹெட்டை, அதாவது பிளக்கிலிருந்து நேராக ஓடும் பழைய வகையை, மாட்டியதும் மாவு மெஷின் மாதிரி உறுமியது. பத்து நிமிடத்தில் தொட்டுப் பார்த்தால் சுட்டது. பிடுங்கிவிட்டேன். பிறகு மிஞ்சியது செல் போட்டு ஓடும் ஒரு குட்டி ஏர் பம்பும் ஒரு எவர்சில்வர் சொம்பும்தான். அரை மணிக்கொருமுறை தண்ணீரை மொண்டு இரண்டடி உயரத்திலிருந்து ஊற்றினோம், நானும் அம்மாவும் முறை வைத்து. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அம்மா டீ ஆற்றுவதுபோல ஆற்றிக்கொண்டிருந்தார். க்ளவுன் மீன்கள் பிழைத்தன, நீல டாம்செல் ஒன்று போனது, விரல் விரலாகத் துடித்துக்கொண்டிருந்த ஸீனியா என்ற மென்பவளம் கரைந்து போனது. கரண்டு வந்ததும் முடிந்தது என்று நினைத்தேன். ஒரு பவர்ஹெட் கிளம்பவே இல்லை. சுண்ணாம்பு படிந்து, ஓடிக்கொண்டிருக்கும்வரை எப்படியோ ஓடி, நின்ற இடத்தில் இறுகிவிட்டது. இன்னொன்று கிளம்பியது, ஆனால் தலைகீழாக. மலிவான ஏசி பம்பில் காந்த ரோட்டர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சுற்றக் கிளம்பலாம். முன்பக்கம் தள்ள வேண்டிய தண்ணீரைப் பின்பக்கம் இழுத்து, பக்கத்துக் கண்ணாடியில் மோதிக்கொண்டிருந்தது. ஆள் இல்லாத வீட்டில் இது நடந்திருந்தால்?

அன்றிலிருந்து பம்ப் வாங்கும்போது நான் கேட்கிற முதல் கேள்வி, நின்றால் தானாகச் சரியாகக் கிளம்புமா என்பது. கடைக்காரர் முன்னாலேயே பக்கெட் தண்ணீரில் போட்டுப் பத்துமுறை பிடுங்கிப் பிடுங்கி மாட்டிப் பார்ப்பேன். ஒருவர் முகம் சுளித்தார். பரவாயில்லை.

டிசி பம்ப் மெதுவாகக் கிளம்பும், சரியான திசையில் கிளம்பும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், தீனி போடும்போது பத்து நிமிடம் நிறுத்தி வைக்கும் பட்டன்கூட உண்டு. உள்ளே போவது 24 வோல்ட்தான். பழைய ஏசி பவர்ஹெட் ஒன்றின் உறையில் கீறல் விழுந்து, கையை விட்டபோது விரலில் இருந்த வெட்டுக்காயத்தில் சுருக்கென்று இழுத்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அன்று மாலையே, கரண்டு கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி போட்டேன். ஏசியோ டிசியோ, அது இல்லாமல் உப்புத்தண்ணீரில் கையை விடாதீர்கள்.

ஆனால் டிசியைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் முடியாது. பம்ப் சாகாது, அடாப்டர் சாகும். தொட்டியிலிருந்து தெறிக்கிற உப்பு ஒரு பக்கம், கடலோர ஊரின் காற்று மறுபக்கம். முதல் கன்ட்ரோலர் பதினான்கு மாதத்தில் போனது. திறந்து பார்த்தால் உள்ளே பச்சைப் பூஞ்சை மாதிரி செம்புக் களிம்பு. கடையில் கொடுத்தால், தண்ணீர் பட்டது வாரண்டியில் வராது என்று கையை விரித்தார்கள். தண்ணீருக்குள் வைக்கிற பொருளுக்கு! இப்போது அடாப்டர், கன்ட்ரோலர் எல்லாவற்றையும் தொட்டிக்குமேல் இல்லாமல் பக்கத்துச் சுவரில், ஆளுயரத்தில் மாட்டியிருக்கிறேன். வயர் கீழே தொங்கி மேலே ஏறும்படி விட்டிருக்கிறேன், வயரோடு வழியும் சொட்டு பிளக்குக்குப் போகாமல் தொங்கலிலேயே விழுந்துவிடும். உதிரி அடாப்டர் ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கிறது.

இன்வெர்ட்டரையும் சைன் வேவுக்கு மாற்றியாயிற்று. 12 வோல்ட், 150 ஆம்பியர் பேட்டரி. கணக்குப்படி 1800 வாட்-மணி, கைக்கு வருவது 1200 என்று வையுங்கள். கரண்டு போனால் ஒரே ஒரு வேவ்மேக்கர் மட்டும் அதில் ஓடும், மேல்மட்டத்தைப் பார்த்து, 6 வாட். இன்வெர்ட்டர் தானே தின்பது ஒரு 15 வாட். அதையும் சேர்த்தால் இரண்டு நாளுக்கு மேல் தாங்கும், அம்மா ஃபேன் போடாத வரை. ஃபேன் 75 வாட். "மீனுக்குக் காத்து வேணும், எனக்கு வேணாமா?" என்று கேட்டார். நியாயம்தான். தனியாக ஒரு சின்ன பேட்டரிக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

சத்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பாதி உறுமல் பம்பிலிருந்து வருவதில்லை. பம்ப் கண்ணாடியையோ ஸ்டாண்டையோ தொட்டு அதிர வைப்பதில் வருகிறது. ரிட்டர்ன் பம்புக்கு அடியில் பழைய ரப்பர் செருப்பை வெட்டி வைத்தேன். ராத்திரி தூங்க முடிகிறது.

சல்லடை மூடி பற்றியும் ஒரு வரி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் நண்பர் ஒருவரின் தொட்டியில், கடல்சாமந்தி (பூ மாதிரி இருக்கும், ஆனால் நகரும் விலங்கு) ராத்திரி இடம் மாறிப் போய் வேவ்மேக்கரில் மாட்டிக்கொண்டது. காலையில் தொட்டி முழுக்கச் சாந்து. மீன் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கடல்சாமந்தி வளர்ப்பவர்கள் பம்பின் வாய்க்கு ஸ்பாஞ்ச் உறை போட்டுவிடுங்கள், ஓட்டம் கொஞ்சம் குறைந்தாலும் சரி.

என்னைக் கேட்டால், மூன்றடித் தொட்டிக்குப் பெரிய பம்ப் ஒன்றைவிடச் சின்ன ப்ரொப்பெல்லர் பம்ப் இரண்டு. ஒன்று போனாலும் மற்றொன்று ஓடும், திசையையும் மாற்றிக்கொள்ளலாம். இரண்டடித் தொட்டிக்கு ஒன்றே போதும், பின்கண்ணாடியைப் பார்த்து. இம்பெல்லரும் ஷாஃப்டும் தனியாகக் கிடைக்காத பம்பை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன். செராமிக் ஷாஃப்ட் கழுவும்போது கைதவறினால் இரண்டாகும். என் பரண்மேல் இருக்கும் ஆறில் நான்கு அப்படிப் போனவைதான்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கழற்றி, வினிகரும் தண்ணீரும் பாதிப் பாதி கலந்த பக்கெட்டில் ஒரு மணி நேரம் ஓடவிட வேண்டும். சுண்ணாம்பு நுரைத்துக்கொண்டு கழன்று வரும். பழைய பல்தேய்க்கும் பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி மாட்டினால் வாங்கிய அன்று ஓடியதுபோல ஓடும். இந்த வாரம் இடதுபக்க வேவ்மேக்கர் லேசாக முனக ஆரம்பித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாமா வருகிறேன் என்றிருக்கிறார், அதற்குள் கழுவிவிட வேண்டும். வினிகர் வாசம் அடங்கும்வரை பாத்ரூம் பக்கம் வர மாட்டேன் என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டார்.